ஒரே பெயரில் இரண்டு பெட்டிகள்

என் வேலை என்னவென்று யாராவது கேட்டால், நான் வாயைத் திறக்கும் முன்பே அப்பா முந்திக்கொள்வார். "எம் பொண்ணு கம்ப்யூட்டர்ல கட்டம் போட்டு, அதுல பெட்டி பெட்டியா அடுக்குது. அதுக்கு மாசமானா சம்பளம் குடுக்குறாம்பா." கல்யாண வீட்டிலும் இதைத்தான் சொல்வார், பாகூர் பஸ் நிறுத்தத்திலும் இதைத்தான் சொல்வார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. எனக்குப் பொசுக்கென்று கோபம் வரும். கோபப்பட்டாலும், அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க என்னால் முடிந்ததில்லை.

நான் செய்வது அதேதான். எங்கோ ஒருவர் தன் ஃபோனில் பாங்கின் செயலியையோ ஆஸ்பத்திரியின் செயலியையோ திறக்கிறார். பெயர், முகவரி, பிறந்த தேதி என்று அவர் நிரப்பவேண்டிய படிவம் ஒன்று வருகிறது. அந்தப் படிவத்தில் எது எங்கே உட்காரவேண்டும் என்று முடிவு செய்வது என் வேலை. அதற்கென்றே இருக்கும் மென்பொருளைத் திறந்தால் திரை முழுக்க மெல்லிய கோடுகளில் கட்டங்கள் விரியும். இடது கட்டத்தில் 'பெயர்' என்ற சொல், அதை ஒட்டி வலது கட்டத்தில் எழுதும் பெட்டி. முகவரி நீளமாக இருக்கும் என்றால் அந்தப் பெட்டியின் ஓரத்தைப் பிடித்து இழுத்து இரண்டு கட்டங்களுக்குப் பரப்பிவிடலாம். ஒரு பெட்டி கோட்டைவிட்டு மயிரிழை விலகினாலும் எனக்குப் பொறுக்காது. சாப்பிடும்போது தண்ணீர் டம்ளரைக்கூட நான் தட்டுக்கு நேராக நகர்த்தி வைப்பதாக என் கணவர் கிண்டல் செய்வார். நான் மறுப்பதில்லை. நகர்த்தி வைக்கத்தான் செய்கிறேன்.

நாங்கள் இருப்பது வில்லியனூரில். அப்பாவும் அம்மாவும் குருவிநத்தத்தில், ஆற்றை ஒட்டிய நிலத்தோடு. அவர்களுக்கு நான் ஒரே பிள்ளை. சென்ற வருடம் நடவு முடிந்த கையோடு அப்பா வரப்பிலேயே விழுந்துவிட்டார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தபோது கால் ஓரளவு தேறியிருந்தது. வலது கை தேறவில்லை. பேச்சு அடியோடு போயிருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுத்த பெண் எங்களை உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். நாம் பேசுவது அவருக்குப் புரியும். சொல்ல நினைப்பதும் உள்ளே இருக்கும். அது வார்த்தையாகி வாய்க்கு வராது, எழுதவும் வராது. எழுத்தைவிடப் படம் சுலபமாகப் புரியும். "அவர் எதையாவது சொல்லப் பார்த்துக்கிட்டே இருக்கணும். அந்த முயற்சியை மட்டும் விட்டுடக்கூடாது. விட்டுட்டாருன்னா திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்" என்றார். நான் லேப்டாப்பை எடுத்துக்கொண்டு குருவிநத்தத்துக்கே வந்துவிட்டேன். ஆபீசில் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டார்கள். கணவர் சனிக்கிழமைகளில் வருவார்.

கூடத்தில் அப்பாவுக்கு இரும்புக் கட்டில். தலைமாட்டில் ஒரு எவர்சில்வர் டம்ளர். ஏதாவது வேண்டுமென்றால் இடது கையால் டம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் தட்டுவார். கொல்லையில் மாட்டோடு இருக்கும் அம்மா ஓடி வருவாள். பிறகு தொடங்கும் கேள்விகள். தண்ணியா? ஃபேன் போடணுமா? பாத்ரூம் போணுமா? முதுகு அரிக்குதா? எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் இருந்த ஒரே பதில் 'ஆங்'. ஆமாம் என்றாலும் ஆங், இல்லை என்றாலும் ஆங். அம்மா தப்புத் தப்பாகக் கேட்கக் கேட்க அவருடைய முகம் சிவக்கும். கடைசியில் சுவர் பக்கம் திரும்பிக்கொள்வார்.

நாளாக ஆக டம்ளர் சத்தம் குறைந்தது. ஒரு நாள் அம்மா என் லேப்டாப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"நேத்திலேர்ந்து தட்டவே இல்லடி. நானா போயி தண்ணி குடுத்தா குடிக்கிறாரு. சோறு ஊட்னா கடனேன்னு முழுங்குறாரு. எனக்குப் பயமா இருக்குது."

எனக்கும் பயமாக இருந்தது. ஊருக்கே கேட்கிற மாதிரி பேசிய மனிதர் அவர். அந்தப் பெண் சொன்னது எங்கள் கூடத்திலேயே நடக்கத் தொடங்கிவிட்டது. அவர் கைவிட்டுக்கொண்டிருந்தார்.

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கட்டத்தில் பெட்டி அடுக்குவது. பரணிலிருந்து என் பழைய டேப்லெட்டை எடுத்துத் துடைத்தேன். ஆபீசில் திறக்கும் அதே மென்பொருளைத் திறந்து, அப்பாவுக்கென்று ஒரு திரை போட உட்கார்ந்தேன்.

முதல் திரை பார்க்க அழகாக இருந்தது. குறுக்கும் நெடுக்கும் ஒரே அளவில் பெட்டிகள், ஒவ்வொன்றிலும் ஒரு படம். செம்புத் தண்ணீர், ஃபேன், மாத்திரை, சாப்பாடு, கழிவறை. தொட்டால் என் குரல் பேசும்: "தண்ணி வேணும்." "ஃபேன் போடு." இடைவெளி எல்லாம் சரிசமம். ஆபீசில் காட்டியிருந்தால் சபாஷ் கிடைத்திருக்கும். அப்பாவின் இடது பக்கம் ஒரு தலையணை போட்டு, டேபை அதன்மேல் வைத்தேன். பார்த்தார். ஒரு பெட்டியைத் தொட்டார். அது பேசியதும் கையை எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான்.

நான் விடுகிற ஆள் இல்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு அவருடைய கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன். வலது ஓரத்துப் பெட்டிகள் பக்கம் அவர் விரல் போகவே இல்லை. பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு ஃபோன் செய்து கேட்டேன். அந்தப் பக்கத்துப் பார்வையும் கொஞ்சம் மங்கியிருக்கும் என்றார். ஆக, வலது பக்கத்தில் நான் அழகாக அடுக்கியதெல்லாம் அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. எல்லாப் பெட்டிகளையும் இடது பக்கம் ஒதுக்கினேன். கட்டைவிரல் சிரமமில்லாமல் எட்டுகிற கீழ்வரிசையில் முக்கியமானவற்றை வைத்தேன். திரை ஒரு பக்கம் சாய்ந்த வைக்கோல் வண்டி மாதிரி ஆகிவிட்டது. வலது பாதி வெறிச்சென்று கிடந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குக் கை நமநமவென்றது. பல்லைக் கடித்துக்கொண்டு அப்படியே விட்டேன்.

இப்போது விரல் எட்டியது. ஆனாலும் அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை.

ஒரு காலையில் நிலத்துப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அப்பா தலையைத் தூக்கினார். சிறிது நேரத்தில் சத்தம் நின்றது. அப்பா ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ஜன்னலைப் பார்த்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் கொடுத்த பெட்டிகள் எல்லாம் நோயாளி கேட்கும் பெட்டிகள். தண்ணீரும் மாத்திரையும் கேட்க அவருக்கு என்ன ஆசை? அவர் பயிரை விட்டுவிட்டு வந்து படுத்திருக்கும் ஆள்.

அன்று மத்தியானமே கீழ்வரிசையை மாற்றினேன். மோட்டார் கொட்டகையைப் படமெடுத்து ஒரு பெட்டியில் போட்டேன். தொட்டால், "கரண்ட் வந்துச்சா? மோட்டார் ஓடுதா?" நாற்று நட்ட வயலின் படத்துக்கு, "பயிரு எப்டி இருக்குது?" மேகத்துக்கு, "மழ வருமா?" தண்ணீரும் மாத்திரையும் மேலே போயின.

அப்பா மோட்டார் பெட்டியைத் தொட்டார். அம்மா உள்ளேயிருந்து, "ஓடுது, ஓடுது. கீழண்டை கழனிக்குப் பாயுது" என்றாள். அப்பா மறுபடி தொட்டார். "ஓடுதுன்னேனே" என்றாள் அம்மா. அவர் மூன்றாம் முறை தொட்டபோது அம்மா சிரித்துவிட்டாள். அன்றைக்கு அவர் சுவர் பக்கம் திரும்பவே இல்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்த வேகத்தில் எல்லாவற்றுக்கும் மேலான ஒரு பெட்டியைப் போட்டேன். அம்மாவைக் கூப்பிடும் பெட்டி. டம்ளருக்கு இனி வேலை இருக்கக்கூடாது என்பது என் எண்ணம். கட்டைவிரல் தானாகப் போய் நிற்கும் கீழ் மூலையில், அம்மாவின் புகைப்படம். தொட்டால் என் குரல் கூப்பிடும்: "அம்மா!"

அப்பா மோட்டாரைத் தொட்டார், மேகத்தைத் தொட்டார், அந்தப் பெட்டியை மட்டும் தொடவில்லை. அம்மாவைக் கூப்பிட வேண்டுமென்றால் டேபைத் தள்ளி வைத்துவிட்டு டம்ளரை எடுத்தார்.

இடம் சரியில்லை என்று நினைத்தேன். என் புத்தி அங்கேதானே போகும். பெட்டியை ஒரு கட்டம் மேலே ஏற்றினேன். தொடவில்லை. நடுவில் வைத்தேன். தொடவில்லை. அம்மாவுக்குப் பிடித்த அரக்கு நிறத்தில் கரை போட்டேன். நானே அவர் விரலைப் பிடித்துப் பெட்டிமேல் வைத்தேன். "அம்மா!" என்றது டேப். அப்பா முகத்தைச் சுளித்துக் கையை இழுத்துக்கொண்டார். சத்தம் அதிகம்போல என்று சத்தத்தைக் குறைத்தேன்.

முறத்தில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா ஒரு கட்டத்துக்குமேல் பொறுக்கவில்லை.

"அத்த இன்னாத்துக்குடி இங்கயும் அங்கயும் இஸ்துகினு கெடக்குற? அவுரு என்னைக்கு என்னை அம்மான்னு கூப்ட்டாரு? நான் அவுருக்கு அம்மாவா?"

"வேற எப்படிம்மா கூப்பிடுவாரு?"

கேட்டு முடிப்பதற்குள் எனக்கே பதில் தெரிந்துவிட்டது. அம்மா கீரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"உம் பேரச் சொல்லித்தான்."

எங்கள் பக்கத்தில் பெண்டாட்டியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் பழைய ஆட்களிடம் இல்லை. தலைப்பிள்ளையின் பேரைச் சொல்லிக் குரல் கொடுப்பார்கள், பெண்டாட்டி வந்து நிற்பாள். ஊரில் பாதி வீடுகளில் இதுதான் நடக்கும். அதனால் இதை யாரும் ஒரு விஷயமாகவே நினைப்பதில்லை. எங்கள் வீட்டில் நான் பிறந்த நாள் முதல் என் பேர் எங்கள் இருவருக்கும் பொது. சின்ன வயதில் நான் வீட்டுப்பாடத்தைப் போட்டுவிட்டு ஓடுவேன். "உன்னை இல்ல, போ" என்பார் அப்பா. போகப்போக எனக்குக் காது பழகிவிட்டது. என் பேர் 'ஆ' என்ற ஆகாரத்தில் முடியும். என்னைக் கூப்பிட்டால் அந்த ஆகாரம் வெடுக்கென்று அறுந்து நிற்கும். அம்மாவைக் கூப்பிட்டால் அது நீண்டு, கொல்லையைத் தாண்டி மாட்டுக் கொட்டகைவரை போகும். ஒருதரம் நான் சண்டை போட்டேன். என் பேரை நீங்கள் எடுத்துக்கொண்டால் எனக்கு எது என்று. "உங்கம்மா பேரு சும்மாத்தான கெடக்குது, அத்த நீ எடுத்துக்கோ" என்றார் அப்பா.

"நான் பொறக்குறதுக்கு முன்னாடி எப்படிம்மா கூப்பிட்டாரு?"

"தொண்டையக் கனைப்பாரு" என்றாள் அம்மா. முகத்தை முறத்துக்குள் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் என் குரலில் அப்பாவுக்கு 'அம்மா' என்று பதிவு செய்து கொடுத்திருக்கிறேன். கட்டிய மனைவியை அம்மா என்று கூப்பிடச் சொன்னால் எந்த மனிதன் கூப்பிடுவான்?

இனி அந்தப் பெட்டி என் பேரைச் சொல்லவேண்டும். யார் குரலில்? என் பேரை நானே கூவினால் நன்றாகவா இருக்கும்? எனக்குத் தெரிந்து அந்தப் பேரை அந்த இழுப்போடு சொல்லக்கூடிய ஒரே குரல் நின்றுபோயிருந்தது.

அப்பாவுக்கு ஃபோனில் தட்டச்சு வராது. எல்லாமே குரல் செய்திதான். அவர் விழுந்ததிலிருந்து என் ஃபோனில் அவருடைய வாட்ஸ்அப் பக்கத்தை நான் திறக்கவில்லை. திறக்கத் தைரியம் இல்லை. மறுநாள் காலை மோட்டார் போட நானே போனேன். தண்ணீர் பாயத் தொடங்கியதும் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

எல்லாமே என் பேரோடுதான் தொடங்கின. பேரைச் சொல்லி வெடுக்கென்று நிறுத்தி, "அறுப்பு வெச்சாச்சி. ஞாயித்துக்கெழம வந்துடு." பேர், "கத்திரிக்கா பறிச்சி வெச்சிருக்குது, மாப்பிளைய அனுப்பு." பேர், "சொம்மாத்தான். சாப்ட்டியா?" எனக்குக் கண் முழுக்க நீர். வரப்பில் போன ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலப் போனார். எல்லாமே எனக்கு வந்தவை. அதனால் எல்லாமே குட்டையான கூப்பிடல். கேட்டவரை நீளமானது எதிலும் இல்லை.

கடைசியில் ஒரு செய்தியில் இருந்தது. உர மூட்டையைப் பற்றி என்னிடம் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் கட்டைவிரலை எடுக்க மறந்து, முகத்தைத் திருப்பி அம்மாவைக் கூப்பிடுகிறார். என் பேர், அந்த ஆகாரம் நீண்டு கொல்லைக்குப் போகிறது. "எங் கண்ணாடி எங்க வெச்ச?" தூரத்தில் அம்மாவின் குரல்: "தோ வர்றேன். ஊரே கேக்குது. நான் இன்னா செவுடா?" அப்பா என்னிடம், "உங்கம்மாவுக்குக் கோவத்தப் பாரு" என்று சொல்லி முடிக்கிறார்.

அம்மாவின் அந்த 'செவுடா'வைக் கேட்டபோதுதான், அப்பா விழுந்ததிலிருந்து அவள் அவரை ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை என்பது எனக்கு நினைவு வந்தது.

வீட்டுக்கு வந்து அந்தக் கூப்பிடலை மட்டும் தனியாக வெட்டி எடுத்தேன். எனக்கும் ஒரு பெட்டி இருக்கட்டும் என்று குட்டையான ஒன்றையும் வெட்டினேன். இரண்டு பெட்டி போட்டு, இரண்டுக்கும் என் பேரையே வைத்தேன். மென்பொருள் ஒப்புக்கொள்ளவில்லை. இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருக்கிறது, வேறு பெயர் கொடு என்று சிவப்பில் எச்சரித்தது. அது சரிதான். ஒரே பேரில் இரண்டு இருந்தால் எதைத் தொட்டால் எது பேசும் என்று அதற்கு எப்படித் தெரியும்? எங்கள் வீட்டில் இத்தனை காலமும் தெரிந்திருந்தது. உள்ளே மட்டும் அவற்றைக் 'குட்டை', 'நீளம்' என்று பேர் மாற்றிவைத்தேன். குட்டைக்கு ஒரே கட்டம், அதில் என் முகம். நீளத்தை ஓரத்தைப் பிடித்து இழுத்து இரண்டு கட்டங்களுக்குப் பரப்பி, அதில் அம்மாவை வைத்தேன்.

டேபைத் தலையணைமேல் வைத்தேன். தன் குரலையே கேட்டால் அவருக்குச் சந்தோஷமா, இன்னும் துக்கமா? டேபைத் தூக்கி எறிந்துவிட்டுச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டால் அடுத்து என்ன செய்வதென்று எனக்குத் தெரியாது. அம்மா கொல்லையில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். அவளிடம் நான் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"ப்பா, இத்தத் தொட்டுப் பாரு."

அப்பா அம்மாவின் படத்தைப் பார்த்தார். முந்தைய பெட்டியின் கசப்பு இன்னும் இருந்திருக்கும், யோசித்தார். பிறகு தொட்டார்.

அவருடைய குரல் கூடம் முழுக்க எழுந்து கொல்லைவரை போயிற்று. அப்பா திடுக்கிட்டு டேபைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் வாய் திறந்தபடி இருந்தது.

"தோ வர்றேன்" என்றாள் அம்மா கொல்லையிலிருந்து.

பழக்கத்தில் வந்த பதில் அது. சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்திருக்க வேண்டும். வாளி கீழே விழும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு பின்வாசலில் வந்து நின்றாள். அப்பா அவளையே பார்த்துக்கொண்டு, திரையைப் பார்க்காமலே கட்டைவிரலை மறுபடி அழுத்தினார்.

"கேக்குது, கேக்குது" என்றாள் அம்மா. குரல் உடைந்திருந்தது. "ஊரே கேக்குது. நான் இன்னா செவுடா?"

அப்பாவின் வாய் இடது பக்கமாகக் கோணிச் சிரித்தது. அம்மா கட்டிலைச் சுற்றிக்கொண்டு வந்து, அவருக்குக் கண் தெரிகிற பக்கமாக உட்கார்ந்தாள். நான் சமையலறைக்குப் போய் நன்றாக அழுதேன்.

அதற்குப் பிறகு டம்ளர் டீ குடிக்க மட்டும். அப்பா நாள் முழுக்க நீளத்தை அழுத்துவார். அம்மா திட்டிக்கொண்டே வருவாள். பல சமயம் அவருக்கு ஒன்றும் வேண்டியிருக்காது. என் பெட்டியையும் விடவில்லை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும்போதுகூட அதைத் தொடுவார். "இன்னாப்பா" என்பேன். மோட்டாரைத் தொடுவார். அழுத்தும்போதெல்லாம் அவருடைய உதடும் கூடவே அசைவதைப் பார்த்தேன். பயிற்சி கொடுத்த பெண்ணிடம் சொன்னேன். "அசையட்டும், எதுவும் சொல்லாதீங்க" என்றார்.

அறுப்பு நெருங்கிய ஒரு முற்பகல். டேபில் சார்ஜ் இறங்கிப்போய்ச் சமையலறையில் செருகியிருந்தோம். நான் உள்ளறையில் ஏதோ ஒரு பாங்கின் படிவத்தில் பெட்டியைக் கோட்டுக்கு நேராக நகர்த்திக்கொண்டிருந்தேன். கூடத்திலிருந்து கூப்பிடும் சத்தம். என் பேர் முழுதாக இல்லை. முன்பாதி நாக்கில் குழைந்து, கடைசி ஆகாரம் மட்டும் தெளிவாக வந்தது.

டேப் சமையலறையில் அல்லவா இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே எழுந்தேன்.

"தோ வர்றேன்" என்றாள் அம்மா கொல்லையிலிருந்து.

நான் மறுபடி உட்கார்ந்துகொண்டேன். ஆகாரம் நீளமாக இருந்தது. அவர் கூப்பிட்டது என்னை இல்லை.